தருமனிடம் கேட்காத மூன்றாவது கேள்வி

மனித குலம் தோன்றிய நாள்முதலாகத் தேடி அலைந்த உண்மை, முடிவில் ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. இனி இவ்வுலகில் எந்த மாசும் ஒளிந்திருக்க முடியாது, எந்தப் பொய்யும் நிலைத்திருக்க முடியாது என்று அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். உண்மை லாரியில் வந்தது. பெட்டி கதவைவிட நான்கு விரல் அகலமாக இருந்ததால் ஒரு நாள் முழுக்கத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலில் கிடந்தது. மறுநாள் கொத்தனார் வந்து ஆய்வகத்தின் கதவு நிலையைப் பெயர்த்தெடுத்த பிறகுதான் உண்மையால் உள்ளே நுழைய முடிந்தது.

அதற்குத் 'தருமன்' என்று பெயர் சூட்டியவர் சர்வஜீவா ஊசிமருந்து நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சர்வோத்தமன். "மனிதன் பொய் சொல்வான். மூலக்கூறு பொய் சொல்லாது" என்று திறப்பு விழாவில் முழங்கினார். முழங்கிவிட்டு, இயந்திரத்தின் நெற்றி என்று அவருக்குத் தோன்றிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைத்த மறு நிமிடம் தருமன் தன் கம்பீரமான ஆண் குரலில், "சந்தனம். கலப்படம் உண்டு" என்றது. கூட்டம் கைதட்டியது. சந்தனம் வாங்கி வந்த மனிதவள மேலாளர் தயாளன் மட்டும் கைதட்டவில்லை.

மருந்தில் கலந்திருக்கும் மாசு இன்னதென்று பழைய இயந்திரங்களும் சொல்லிவிடும். தருமனின் பெருமை வேறு. அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். என்ன இது? எங்கிருந்து வந்தது? யாரிடமிருந்து வந்தது? ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் "மேலும் அறிய விரும்புகிறீர்களா?" என்று பணிவாகக் கேட்கும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் தரக்கட்டுப்பாட்டுத் தலைவரின் கையெழுத்து வேண்டும். மனிதர்களைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும் விஷயமாயிற்றே, கொஞ்சம் நிதானம் இருக்கட்டும் என்று சட்டம் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். அதற்காக நிறுவனத்தின் ஊழியர் அத்தனை பேரின் கன்னத்திலும் பஞ்சு தேய்த்துத் தருமனிடம் முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள்.

தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் அம்பலவாணன். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தெட்டு வருட அனுபவத்தில் கடைசிப் பதினைந்து வருடங்களாகக் குடுவையைத் தொட்டதில்லை. கையெழுத்து மட்டும் போடுவார். தலைமுடி நாற்பதிலேயே விடைபெற்றுக்கொண்டது. மிச்சமிருந்த ஒரே செழிப்பு மீசை. அடர்த்தியான, கரிய மீசை. "எங்கப்பாவுக்கு எழுபது வயசுலயும் ஒரு நரை கிடையாது. பரம்பரை" என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

பரம்பரை என்பது அத்திப்பள்ளியில் ஒரு கடையில் பாக்கெட்டாகக் கிடைத்தது. ஓசூரில் வாங்கினால் தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்று கர்நாடக எல்லையைத் தாண்டிப் போய் வாங்கி வருவார். வாரம் இருமுறை, காலை ஆறரை மணிக்கு, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பழைய பல் துலக்கியால் பூசிக்கொள்வார். மனைவியைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் இது தெரியாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

விழா நாளன்று முதல் சோதனையை அம்பலவாணனே தம் கையால் செய்ய வேண்டும் என்று சர்வோத்தமன் ஆசைப்பட்டார். சோதனைக்கு எடுத்தது ஜீவசெஃப் ஊசிமருந்தின் 4317-ஆம் தொகுதி. ஜனங்கள் அதைக் 'கடைசி ஊசி' என்பார்கள். தும்மலுக்கும் சோம்பலுக்கும் மாத்திரை விழுங்கி விழுங்கி நாமே கிருமிகளைப் படிக்கவைத்து ஆளாக்கிவிட்டோம். அவை மற்ற மருந்துகளையெல்லாம் தாண்டிவிட்டன. இது ஒன்றுக்குத்தான் இன்னும் பயப்பட்டன. இதற்கப்புறம் வேறு இல்லை.

அம்பலவாணன் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து தராசின்முன் அமர்ந்தார். குப்பியைத் திறந்து வெள்ளைப் பொடியைத் தட்டில் சரித்தார்.

"சார், மாஸ்க்கைக் கொஞ்சம் எறக்குங்க" என்றார் புகைப்படக்காரர். "இப்படி எடுத்தா டாக்டரா கொள்ளைக்காரனான்னே தெரியாது."

அது விதிக்கு மாறானது என்று அம்பலவாணனுக்குத் தெரியும். அந்த விதியை எழுதியவரே அவர்தான். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். "இன்னும் குனிங்க சார். பவுடரும் மூஞ்சியும் ஒண்ணா வரணும். அப்படியே இருங்க." அப்படியே இருந்தார். மூன்று முறை எடுத்தார்கள். அதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அடுத்த நாளே வரவேற்பறையில் மாட்டினார்கள். கீழே வெள்ளைப் பொடி, மேலே கருப்பு மீசை. நல்ல படம்தான்.

அதே அடுத்த நாள் தருமன் தன் முதல் தீர்ப்பைச் சொன்னது. மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடியில், மருந்து வெளியே வருவதற்கு வெகு முன்பாக, திரையில் ஒரு சின்ன முகடு எழுந்தது. அனுமதி ஆயிரத்தில் ஒரு பங்கு. இது அதைவிடக் கொஞ்சம் கூட.

"என்ன இது?" என்று கேட்டார்கள்.

"பாராஃபினிலின் டைஅமீன்" என்றது தருமன்.

"எங்கிருந்து வந்தது?"

"மனித முடிக்குப் பூசும் கருஞ்சாயம். மேலும் அறிய விரும்புகிறீர்களா?"

அம்பலவாணனின் வலது கை தானாக எழுந்து மேலுதட்டை மூடிக்கொண்டது. யோசிப்பவர் போலத் தோன்றட்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டார். விழா அன்று காலையில் அவசரத்தில் ஒரே முறைதான் கழுவினார். அது அவருக்கு நினைவிருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கூடியது. சர்வோத்தமன் தலைவர், அம்பலவாணனும் தயாளனும் உறுப்பினர்கள். தயாளன் ஒரு பட்டியலோடு வந்திருந்தார்.

"மருந்து நிரப்புற ரூம்ல அன்னைக்கு டியூட்டி பதினோரு பெண்கள் சார். அதுல ஏழு பேருக்கு நரை. நரை தெரியுதுன்னா டை அடிக்கலன்னு அர்த்தம். மூணு பேரு மருதாணி. அவங்களும் டை அடிக்கல. மீதி ஒரே ஆளு, குணவதி. நாப்பத்தெட்டு வயசு. ஒரு வெள்ளை முடி கிடையாது சார். சந்தேகமா இல்ல?"

"பிரமாதம்" என்றார் சர்வோத்தமன்.

டை அடிக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரே பெண் டை அடித்தவளாக ஆனது இப்படித்தான். அம்பலவாணன் இதிலுள்ள ஓட்டையைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் ஓட்டை பார்த்தே சம்பளம் வாங்கியவர். ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால் மீசையும் சேர்ந்து அசையும். கூட்டம் முடியும்வரை அந்த அறையில் யாரும் தம் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பதைக் கவனித்தார். தம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

"மூணாவது கேள்வியையும் கேட்டுரலாமா சார்?" என்றார் தயாளன், மேசையைப் பார்த்து.

"எதுக்கு? அதான் ஆள் கிடைச்சாச்சே" என்றார் சர்வோத்தமன், ஜன்னலைப் பார்த்து. "அம்பலம், நீங்க என்ன சொல்றீங்க?"

"போதும்" என்றார் அம்பலவாணன்.

சட்டப்படி முதல் முடிவே முடிவு. மறுசோதனை கிடையாது. ஒரு காலத்தில் முடிவு சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் 'காற்றுக்குமிழி' என்று காரணம் எழுதிப் பழையதைக் கழித்துவிடுவார்கள். அம்பலவாணனே இளமையில் எத்தனையோ காற்றுக்குமிழிகளை எழுதியிருக்கிறார். அதையெல்லாம் ஒழிக்க வந்த சட்டம் இது. மறுசோதனைக்கு ஒரே ஒரு வழி உண்டு. தவறு மருந்திலோ ஆலையிலோ இல்லை, சோதித்தவருடையது என்று தெரியவேண்டும். அதற்கொரு படிவம். ஏழாவது வரி: 'சோதித்தவர் தரப்பில் தவறு உண்டா?' அம்பலவாணன் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு, பெரிய கையெழுத்தாகப் போட்டார்.

ஆகவே நாற்பதாயிரம் குப்பிகளை அடுத்த வெள்ளிக்கிழமை சூளையில் எரிப்பது என்று முடிவாயிற்று. குணவதியை நிறுத்தி வைத்தார்கள். பதினோரு வருடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். இந்த வருடம் நிரந்தரம் ஆகவேண்டியது. வேலைநீக்கம் உறுதியானால் பெயர் பொதுப்பதிவில் ஏறும். பிறகு எந்த மருந்து ஆலையின் வாசலையும் மிதிக்க முடியாது.

திங்கட்கிழமை அவள் விளக்கக் கடிதம் கொடுக்க வந்தாள். கொடுத்துவிட்டு நேராக அம்பலவாணனின் அறைக்கு வந்து கதவருகே நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த மிஷினு எப்படி சார் என்னைச் சொல்லுச்சு?"

"உன்னைச் சொல்லலம்மா. பாராஃபினிலின் டைஅமீன்னு சொல்லுச்சு."

"பேர்லயே டை இருக்கே சார்."

"அது வேற டை." அவருக்கு விளக்குவது பிடிக்கும். விளக்கிக்கொண்டிருக்கும்வரை வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை. "மருந்தைக் கரைச்சு ஒரு இரும்புக் குழாய்க்குள்ள தள்ளுவோம். உள்ள பூராவும் பொடி. இப்ப, ஒரே பஸ்ல எறங்குன கூட்டம் கடைத்தெரு வழியா போகுதுன்னு வெச்சுக்க. சில பேரு ஒவ்வொரு கடையா நின்னு வெல கேப்பாங்க. சில பேரு விறுவிறுன்னு போயிருவாங்க. தெருமுனையில நின்னு, யாரு எத்தனாவது நிமிஷத்துல வெளிய வராங்கன்னு பாத்தா, ஆள் ஆளா பிரிஞ்சிரும்."

"சரி."

"வெளிய வர்றவங்கள ஒவ்வொருத்தரா எடை போடும். அப்புறம் ஒடைக்கும். ஒடைஞ்ச துண்டையும் எடை போடும். அதை வெச்சு இன்னாருன்னு கண்டுபிடிச்சிரும்."

"போலீஸ் ஸ்டேஷன்தான்."

"அப்படித்தான். ஆனா இது அடிச்சு ஒத்துக்க வைக்காது."

"அந்தச் சாயத்துல ஒட்டிட்டு வந்த தோலு, வேர்வை, அதெல்லாம் யாருதுன்னும் சொல்லுமாமே. வேன்ல பேசிக்கிட்டாங்க."

"சொல்லும்."

"சொல்லுச்சா?"

"கேக்கல."

"ஏன் சார் கேக்கல?"

அம்பலவாணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது நேரத்தைக் காட்டியது. வேறு உதவி எதுவும் செய்யவில்லை.

"நாங்க உள்ள போனா கண்ணு மட்டும்தான் சார் வெளிய தெரியும்" என்றாள் குணவதி. "அதுக்கும் கண்ணாடி. பொட்டு வெக்கிறதில்ல, பூ வெக்கிறதில்ல, பவுடர் அடிக்கிறதில்ல. பதினோரு வருஷமா எம்மூஞ்சியையே நான் ஞாயித்துக்கெழமதான் பாக்கறேன். என் தலையில இருந்து அது எப்படி சார் எறங்கும்?"

"விசாரணை நடந்துட்டு இருக்கும்மா."

"அதான் சார், நடந்துட்டு இருக்கு." அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவள் போல. "வரேன் சார்."

அவள் போனதும் தொலைபேசி அடித்தது. மலையடிவாரத்தில் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கிலிருந்து ஜெயசீலி என்ற பெண். ஒரு வாரமாகத் தினமும் பேசுகிறாள். குரலில் கோபமே இருக்காது. அதுதான் தாங்க முடியாதது.

"சார், லோடு கிளம்பிருச்சா?"

"பரிசோதனையில இருக்குங்க."

"கையில இருபத்திரெண்டு குப்பி இருக்கு சார். வார்டுல அஞ்சு பேரு. அதுல ஒருத்தர் லாரி ஓட்டறவரு, முப்பத்தொரு வயசு. கால்ல புண்ணு. மேல ஏறிட்டே வருது. டோஸைப் பாதியாக்கிப் போட்டுட்டு இருக்கோம்."

"சீக்கிரம் அனுப்பறோம்."

"பரிசோதனைன்னா நல்லதுதான் சார். கொஞ்சம் சீக்கிரமா பரிசோதிங்க."

செவ்வாய்க்கிழமை கையிருப்பு பதினான்கு. புதன்கிழமை ஆறு.

அம்பலவாணன் கெட்டவர் இல்லை. மனசாட்சி உள்ளவர், அது வேலையும் செய்தது. செவ்வாய்க்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தவறை ஒப்புக்கொள்ளும் கடிதம் எழுதத் தொடங்கினார். முதல் வரைவு 'வரலாற்றுப் பொறுப்புணர்வுடன்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் ஓடியது. அதில் மீசை வரவில்லை. இரண்டாவது வரைவில் 'முகக்கவசம் சற்றே நழுவியிருக்கக்கூடும்' என்று எழுதினார். நழுவினால் சரி, சாயம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே என்று அதைக் கிழித்தார். புதன்கிழமை எழுதிய மூன்றாவதில் புகைப்படக்காரரைக் கொண்டுவரலாமா என்று யோசித்தார். அந்த ஆளுக்கு இன்னும் மீசையே சரியாக முளைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

வேலை போய்விடும் என்ற பயம் அவருக்குப் பெரிதாக இல்லை. ஒழுங்கு நடவடிக்கை என்றால் ஒரு கடிதம் வரும், பதில் எழுதலாம். அவரைத் தடுத்தது வேறு. அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுமே. வேன் ஓட்டுகிறவர், கேண்டீன்காரர், ஆய்வகத்துப் பெண்கள். 'பரம்பரை' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு ஞாபகம் வருமே. ஒரு தட்டில் நாற்பதாயிரம் குப்பியும், ஒரு பெண்ணின் பதினோரு வருடமும், யாரோ ஒருவனின் காலும். மறு தட்டில் மேலுதட்டு முடி. நான்கு தசமத்துக்குச் சரியாகக் காட்டும் தராசோடு வாழ்ந்த மனிதர், முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பாடு இறங்கவில்லை. இறங்காததை ஒரு தண்டனையாக எண்ணிச் சற்று ஆறுதலும் அடைந்தார்.

வியாழக்கிழமை பிற்பகல் குணவதியின் கோப்பு அவர் மேசைக்கு வந்தது. வேலைநீக்கப் பரிந்துரை, தயாளன் கையெழுத்திட்டிருந்தார், அடுத்தது இவர். உள்ளே அவள் கொடுத்த விளக்கக் கடிதம் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் உருண்டை உருண்டையான எழுத்து. நான் டை அடிப்பதில்லை. என் அம்மாவுக்கும் நரைக்கவில்லை. வேண்டுமானால் என் முடியை மிஷினில் போட்டுப் பார்க்கவும். இவ்வளவுக்கும் கீழே ஒரு வரியை யாரோ கருப்பு மார்க்கரால் பட்டையாக அடித்திருந்தார்கள்.

மறைத்ததைக் கண்டுபிடிப்பதே அம்பலவாணனின் தொழில். தாளைத் திருப்பி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். பால்பாயின்ட் பேனாவை அவள் அழுத்தி எழுதியிருந்தாள். பின்பக்கமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல, எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

'டை அடிக்கிறவரு போட்டோ வரவேற்புலயே மாட்டி இருக்கு.'

தாளைக் கீழே வைத்தார். தயாளனைக் கூப்பிட்டார்.

"இந்த வரியை யாரு அடிச்சது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"மரியாதையா இல்லையே சார்."

"யாருக்கு மரியாதை?"

தயாளன் கோப்பின் மூலையை நிமிர்த்திவிட்டார். பிறகு மடக்கினார். "விடுங்க சார்."

"தயாளன். உங்களுக்குத் தெரியுமா?"

"எது சார்?"

அம்பலவாணன் விரலை மீசையை நோக்கிக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார்.

"எல்லாருக்கும் தெரியும் சார்" என்றார் தயாளன், மிகவும் மென்மையாக, துக்கம் விசாரிப்பவர் போல. "போன ஐப்பசி மழையில நனைஞ்சு வந்தீங்களே, மீட்டிங் அன்னைக்கு. இங்கேர்ந்து இப்படி ஒரு கோடு எறங்கி, காலர் வரைக்கும். கர்ச்சீப் குடுத்தாரே எம்.டி."

"சேறுன்னு சொன்னாரே."

"ஆமா சார். நாங்களும் சேறுன்னுதான் சொன்னோம்."

"அப்போ, அன்னைக்குக் குழுவுல..."

"மூணாவது கேள்வி வேணாம்னு எம்.டி.தான் மொதல்லயே சொல்லிட்டாரு சார். 'பாவம், அம்பலம் மனசு கஷ்டப்படும், இருபத்தெட்டு வருஷ சர்வீஸு'ன்னு. நான் ஒப்புக்குத்தான் கேட்டேன்."

அம்பலவாணன் நாற்காலியில் சாய்ந்தார். கூட்டத்தில் யாரும் முகத்தைப் பார்க்காதது ஏன் என்று இப்போது புரிந்தது. ஒரு முழு நிறுவனமே, ஒருவர் மனம் நோகக் கூடாது என்று, ஒரு பெண்ணையும் ஊர்ப்பட்ட நோயாளிகளையும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்திருக்கிறது. காப்பாற்ற இரகசியம் என்று ஒன்று இருக்கவே இல்லை. இதைக் கேட்டதும் முதலில் குணவதிக்காக வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கம் வந்தது, ஆனால் முதலில் வந்தது அந்தச் சட்டைக் காலரைப் பற்றி. அதற்கப்புறம்தான் குணவதி வந்தாள். அந்த வரிசையை அவர் கவனித்தார். பிற்பாடும் அதை மறக்க முடியவில்லை.

"அவளைக் கூப்பிடுங்க" என்றார். "எம்.டி.யையும்."

ஐந்து மணிக்கு எல்லாரும் தருமன்முன் நின்றார்கள். குணவதி பேருந்து பிடித்து வந்திருந்தாள், புடவையில் தூசி. "அம்பலம், நல்லா யோசிச்சீங்களா?" என்றார் சர்வோத்தமன். அம்பலவாணன் மூன்றாவது கேள்விக்கான கட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த முறை சின்னதாக.

"யாரிடமிருந்து வந்தது?"

தருமனின் குரலை விழாவுக்காகச் சத்தமாக வைத்திருந்தார்கள். குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. நடைக்கூடம்வரை கேட்டது.

"ஆண். ஊழியர் எண் பதினொன்று. தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். மேலுதட்டு முடி. சாயம் பூசி ஐந்து மணி நேரத்துக்குள். சரியாகக் கழுவப்படவில்லை. மேலும் அறிய விரும்புகிறீர்களா?"

"போதும், போதும்" என்றார் சர்வோத்தமன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அம்பலவாணனுக்கு எளிதாக இருந்திருக்கும். எல்லாரும் மேற்கூரையை ஆராய்ந்தார்கள். குணவதி மட்டும் அவரை நேராகப் பார்த்தாள். அதில் வெற்றி எதுவும் இல்லை. தாமதமாக வந்த பேருந்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அம்பலவாணன் ஏழாவது வரியில் 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று குறியிட்டார். வெள்ளிக்கிழமை காலை, முகக்கவசம் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருக்க, ஆய்வகத்துப் பெண் ஒருத்தி புதுக் குப்பியைத் திறந்து சோதித்தாள். மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடியில் திரை கோடு போட்டதுபோல் சமமாக இருந்தது. சூளைக்குப் போகவேண்டிய நாற்பதாயிரம் குப்பிகளும் வண்டி ஏறின.

சனிக்கிழமை ஜெயசீலி கூப்பிட்டாள். "வந்துருச்சு சார். ரொம்ப நன்றி."

"அந்த லாரிக்காரர்?"

"இருக்காரு சார். உசுருக்கு ஒண்ணும் இல்ல. காலை எடுத்துட்டாங்க, முட்டிக்குக் கீழ. வியாழக்கெழம காலையில."

"வியாழக்கிழமையா?"

"ஆமா சார். ரெண்டு மூணு நாள் முந்தி வந்திருந்தா எடுக்க வேண்டியிருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. பரவால்ல சார். பரிசோதனைன்னா நேரம் ஆகும்தானே."

அவர் ரிசீவரை வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்தார். புதன்கிழமை மாலை அந்தக் கைகள் என்ன செய்தன என்று யோசித்தார். மூன்றாவது வரைவில் ஒரு காற்புள்ளியைத் திருத்தின.

நிறுவனம் முறைப்படி அறிக்கை எழுதியது. மூலகாரணம்: புகைப்படம் எடுத்தது. தடுப்பு நடவடிக்கை: இனி ஆய்வகத்தில் புகைப்படக்காரருக்கு அனுமதி இல்லை. மீசை என்ற சொல் அறிக்கையில் எங்கும் இல்லை; தயாளன் பார்த்துக்கொண்டார். வரவேற்பறைப் படத்தைக் கழற்றினார்கள். தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டி அம்பலவாணனுக்கு ஒரு கேடயம் கொடுக்கலாம் என்று சர்வோத்தமன் யோசித்து, அதற்குப் புகைப்படக்காரரை அழைக்கவும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை குணவதி வேலைக்குத் திரும்பினாள். வாசலில் அவளுக்காக அம்பலவாணன் காத்திருந்தார்.

"மன்னிச்சிரும்மா."

"சரி சார்."

"ஏதாவது வேணும்னா சொல்லு. நிரந்தரத்துக்கு நானே எழுதறேன்."

"அது அவங்க குடுக்கவேண்டியதுதானே சார், குடுக்கட்டும்." அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு மட்டும் எழுதிக் குடுங்க. என் முடி நெசமாவே கறுப்புன்னு. வேன்ல இன்னும் ஒரு மாதிரி பாக்கறாங்க."

எழுதிக் கொடுத்தார். முத்திரையும் வைத்தார். அவள் வாங்கும்போது அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். உள்ளே போனாள்.

அன்று காலை ஆறரை மணிக்கு, வீட்டைவிட்டுப் புறப்படுமுன், அவர் மீசைக்குச் சாயம் பூசியிருந்தார்.